முடக்குவாதத்தின் கதை – 9: தலைமதகு

சென்ற அத்தியாயத்தை மெத்தோட்ரெக்சேட்டில் நிறுத்தியிருந்தோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தில் தலைமையேற்று நடத்திய ஆய்வுகளின் பிள்ளை அது. ரத்தப் புற்றுநோய்க்காகப் பிறந்து, சொரியாசிஸுக்குப் போய், 1988இல் முடக்குவாதத்துக்கும் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. வாரத்தில் ஒரே ஒரு நாள் சில மாத்திரைகள். படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த பலர் எழுந்தார்கள். எப்படி எழுந்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கொடுத்த மருத்துவருக்கும் அன்று தெரியாது.

இந்தத் தொடரில் இதுவரை வந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் இதே ஜாதகம்தான். தங்க ஊசியை ழாக் ஃபொரெஸ்தியே போட்டுப் பார்த்தது, முடக்குவாதமும் காசநோய்க்கு உறவு என்ற தவறான எண்ணத்தில். குளோரோக்குவின் மலேரியாவுக்கு வந்தது. சல்ஃபாசலசின், கிருமிதான் காரணம் என்று நம்பிய ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸின் யோசனை. கார்டிசோன்கூட, மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கு மூட்டுவலி குறைவதைக் கண்ட ஹென்ச்சின் வியப்பிலிருந்து கிளைத்ததுதான். எல்லாம் ஓரளவு பலித்தன. காரணத்தை முன்கூட்டிச் சொல்லிப் பலித்தது ஒன்றுகூட இல்லை.

இந்த அத்தியாயத்தில் வரிசை தலைகீழாகிறது. முதலில் ஒரு காரணத்தை ஊகித்து, அதைக் கண்ணாடிக் கிண்ணத்திலும் பிறகு எலியிலும் சோதித்து, அதன்பின் மனிதரிடம் போன முதல் முடக்குவாத மருந்தின் கதை இது. அந்த வெற்றியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதன் மறுபாதி. மருந்து ஆயிரக்கணக்கான உடல்களுக்குள் போன பிறகுதான், அது அடைத்த சமிக்ஞை அங்கே என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பதே முழுதாகத் தெரிய வந்தது.

*

மார்க் ஃபெல்ட்மன் 1944 டிசம்பரில், போர் ஓயாத நேரத்தில், லிவிவ் நகரத்து யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். போருக்குப் பின் குடும்பம் பிரான்ஸுக்குப் போனது. அவருக்கு எட்டு வயதானபோது ஆஸ்திரேலியாவுக்கு. மெல்பர்னில் மருத்துவமும் தடுப்பாற்றல் இயலும் கற்று லண்டன் வந்து சேர்ந்தார். ரவீந்தர் நாத் மைனி 1937இல் லூதியானாவில் பிறந்து, உகாண்டாவில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். நெருங்கியவர்களுக்கு அவர் 'டைனி'. ஃபெல்ட்மன் ஆய்வகத்து மனிதர். மைனி, நோயாளியின் வீங்கிய விரல் கணுக்களைத் தினமும் அழுத்திப் பார்க்கிற வாதநோய் மருத்துவர். மேற்கு லண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனையும் கென்னடி வாதநோய் ஆய்வு நிறுவனமும் இவர்களின் களம்.

ஃபெல்ட்மன் தொடங்கியது மூட்டில் அல்ல, தைராய்டில். 1983இல் போட்டாட்ஸோ முதலானவர்களோடு சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஊகத்தை வெளியிட்டார். உடல் தன்னையே தாக்கும் நோய்களில், தாக்கப்படும் உறுப்பின் சாதாரண செல்களே தடுப்பாற்றல் செல்களின் வேலையைச் செய்யத் தொடங்குகின்றன. அப்படி அவற்றைத் தூண்டிவிடுவது சைட்டோகைன்கள். சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சிறு புரதம். வா, பெருகு, சுரந்துகொடு, செத்துப் போ என்று கட்டளையிடும் புரதம். எண்பதுகளில்தான் இவற்றின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்டு, எது எது என்று அடையாளம் சொல்ல முடிந்தது.

ஊகத்தைச் சோதிக்கத் திசு வேண்டும். அதுவும் நோய் கொழுந்துவிட்டு எரியும் இடத்திலிருந்தே வேண்டும். மூளையிலிருந்து எடுக்க முடியாது. கணையத்தில் நோய் தெரிய வருவதற்குள் செல்கள் அழிந்துவிடுகின்றன. தைராய்டு நோய்க்கு ஏற்கெனவே நல்ல சிகிச்சை இருந்தது. முடக்குவாதத்தில்தான் அறுவை மேசையிலிருந்து மூட்டுச் சவ்வு கிடைக்கும். அதற்கு நல்ல மருந்தும் இல்லை. மைனியிடம் நோயாளிகள் இருந்தார்கள். விஞ்ஞானத்தில் பெரிய தீர்மானங்கள் சில இப்படி 'எது கைக்கு எட்டுகிறது' என்பதை வைத்தே எடுக்கப்படுகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நலமான மூட்டின் உட்சவ்வு ஒன்றிரண்டு செல் தடிமன்தான் இருக்கும். முடக்குவாதத்தில் அது பல மடங்கு தடித்து, புது ரத்தக் குழாய்களோடு வளர்ந்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பின் ஓரத்தை அரிக்கிறது. அதற்குள் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கிகளும், டி செல்களும், பி செல்களும், சவ்வின் சொந்த நார்ச்செல்களும் நெருக்கியடித்துக் கிடக்கும். லண்டன் குழு அந்தத் திசுவை நொதிகளால் கரைத்துச் செல்களைப் பிரித்துக் கிண்ணத்தில் வளர்த்தது. வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் தரவில்லை. செல்கள் நாள்கணக்கில் சைட்டோகைன்களைச் சுரந்துகொண்டே இருந்தன. சாதாரணமாகத் தூண்டல் நின்றால் சில மணி நேரத்தில் அடங்கிவிட வேண்டிய சுரப்பு. அப்படியென்றால் இந்தச் செல்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருக்கின்றன. தீ வெளியே இல்லை, கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது.

சுரந்தவை ஒன்றிரண்டல்ல. இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 8, ஜிஎம்-சிஎஸ்எஃப், டிஎன்எஃப் என்று தேடிய ஒவ்வொன்றும் அகப்பட்டது. இங்கேதான் அன்றைய பொதுக்கருத்து குறுக்கே நின்றது. இத்தனை சைட்டோகைன்களும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்றைத் தடுத்தால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிவிடும். வயலுக்குப் போகும் பத்து வாய்க்காலில் ஒன்றை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடுமா? ஒற்றைச் சைட்டோகைனைத் தடுக்கும் மருந்து என்பதே பலருக்கு வீண் வேலையாகத் தோன்றியது. மேலும் அந்நாளில் முடக்குவாதத்தின் முதல் குற்றவாளி டி செல் என்பதே பாடம். அதைக் குறிவைத்த ஆன்டிபாடிகள் பின்னர் மனிதரில் சோதிக்கப்பட்டபோது ரத்தத்தில் டி செல்கள் சரிந்தன, மூட்டு வீக்கம் அப்படியே இருந்தது.

ஃபியோனுலா பிரெனன் என்ற ஆய்வாளர் செய்த சோதனை, சொன்னால் எளியது. கிண்ணத்துச் செல்களோடு டிஎன்எஃப்-ஐப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சேர்த்தார். டிஎன்எஃப் முடங்கும் என்பது தெரிந்ததே. முடங்கியது டிஎன்எஃப் மட்டுமல்ல, இன்டர்லூக்கின் 1-இன் சுரப்பும் விழுந்தது. குருத்தெலும்பை அரிப்பதில் பெயர்பெற்றது இன்டர்லூக்கின் 1. அதைத் தொடாமலே அது விழுந்தது. 1989 ஜூலையில் 'லான்செட்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. தொடர்ந்த ஆண்டுகளில் அதே குழு ஜிஎம்-சிஎஸ்எஃப், இன்டர்லூக்கின் 6, இன்டர்லூக்கின் 8 என்று பார்த்துக்கொண்டே போனது; எல்லாம் இறங்கின. திருப்பியும் செய்து பார்த்தார்கள். இன்டர்லூக்கின் 1-ஐத் தடுத்தால் அதற்குக் கீழே உள்ளவை குறைந்தன, டிஎன்எஃப் குறையவில்லை. பத்து வாய்க்கால் இருந்தது உண்மைதான். ஆனால் அவற்றுக்கு ஒரு தலைமதகு இருந்தது.

*

இந்த டிஎன்எஃப்-இன் பூர்வ கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பெயரே தவறான ஊருக்கு வழிகாட்டுகிறது. 1890களில் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுக்கட்டி உள்ளவர்களுக்குக் கடுங்காய்ச்சலோடு கிருமித் தொற்று வந்தால் சில சமயம் கட்டி கரைவதைக் கண்டு, கிருமிச் சாற்றையே ஊசியாகப் போட்டார். 1975இல் அதே நகரத்தில் லாயிட் ஓல்டின் குழு, கட்டியை அழுகச் செய்யும் பொருளை எலியின் ரத்தத்தில் கண்டு 'கட்டி அழுகச் செய்யும் காரணி' என்று பெயர் வைத்தது. அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டிஎன்எஃப். பத்து ஆண்டு கழித்து, ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பாய்ட்லரும் ஆண்டனி செராமியும் நோயாளிகளை எலும்பும் தோலுமாக்கும் புரதத்தைத் தேடிப் போய், கடைசியில் பிடித்தது இதே டிஎன்எஃப்-ஐ. புற்றுநோய்க்காரர்களுக்கு அது மருந்து; கிருமித் தொற்று உடல் முழுவதையும் நிலைகுலைக்கும் செப்சிஸ் நிலையின் ஆய்வாளர்களுக்கு அது எமன். மூட்டுக்குள் அதற்கு ஒரு வேலை இருக்கும் என்று யாரும் முதலில் தேடவில்லை.

அந்த வேலை செல்லுக்குள் எப்படி நடக்கிறது? பெருவிழுங்கியின் மேல்தோலில் டிஎன்எஃப் முளைத்து நிற்கும். ஒரு நொதி அதை வெட்டி விடுவிக்கும். மூன்று மூன்றாகச் சேர்ந்து மிதந்து போய், எதிர்ப்படும் செல்லின் மேலுள்ள ஏற்பியில் அமரும். ஏற்பிக்கு அடியில், செல்லின் உட்புறம், சில புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கூடும். அவை ஒரு கைனேஸ் நொதியை முடுக்கும். என்எஃப்-கப்பாபி என்ற புரதம் அதுவரை ஒரு காவல் புரதத்தின் பிடியில் சும்மா கிடக்கும். முடுக்கப்பட்ட நொதி அந்தக் காவலரை அழித்துவிட, என்எஃப்-கப்பாபி செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் திறக்கிறது. இன்டர்லூக்கின் 1, 6, 8 அங்கேதான் எழுதப்படுகின்றன. ரத்தக் குழாயின் உட்சுவரை வெள்ளையணுக்கள் ஒட்டும்படி பசையாக்கும் புரதங்களும் அங்கேதான். குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளும் அங்கேதான். இவ்வளவும் சில நிமிடங்களில் தொடங்கிவிடும். இதில் இன்னொரு விபரீதம், என்எஃப்-கப்பாபி திறக்கும் மரபணுக்களில் டிஎன்எஃப்-உம் ஒன்று.

கிண்ணத்துக்குப் பிறகு எலி. ஏதென்ஸில் ஜார்ஜ் கோலியாஸின் குழு, மனித டிஎன்எஃப்-ஐ ஓயாமல் சுரக்கும்படி எலிகளின் மரபணுவை மாற்றியது. 1991இல் வெளியான முடிவு: அந்த எலிகளுக்கு மூட்டுவாதம் வந்தது, ஆன்டிபாடி கொடுத்தால் வரவில்லை. லண்டனில் ரிச்சர்ட் வில்லியம்ஸ், கொலாஜன் ஊசியால் மூட்டுவாதம் வரவழைத்த எலிகளுக்கு, வீக்கம் தொடங்கிய பிறகு ஆன்டிபாடி கொடுத்தார். வீக்கம் குறைந்தது, மூட்டு அரிப்பும் குறைந்தது. தடுப்பது ஒன்று, வந்ததைத் திருப்புவது வேறு; மனிதருக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

இப்போது மனிதருக்குக் கொடுக்க ஆன்டிபாடி வேண்டும். அது பென்சில்வேனியாவில் சென்டோகார் என்ற நிறுவனத்திடம் இருந்தது. பிராட்டிஸ்லாவாவிலிருந்து 1964இல் தப்பி வந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த யான் வில்செக்கும் ஜுன்மிங் லேயும் உருவாக்கிய எலி ஆன்டிபாடியை எடுத்து, பிடிக்கும் முனையை மட்டும் எலியினுடையதாக விட்டு, மீதியை மனிதப் புரதமாக மாற்றியிருந்தார்கள். அன்றைய பெயர் சிஏ2. நோக்கம் மூட்டுவாதம் அல்ல, செப்சிஸ். அதே நிறுவனத்தின் வேறொரு செப்சிஸ் மருந்து 1992இல் அமெரிக்க அதிகாரிகளிடம் சிக்கி, நிறுவனமே ஆட்டம் கண்டிருந்த நேரம். அதன் ஆய்வுத் தலைவர் ஜேம்ஸ் வுடி முன்பு ஃபெல்ட்மனிடம் வேலை கற்றவர். பழைய குருவின் வேண்டுகோளுக்கு ஆன்டிபாடி கிடைத்தது. லிவிவ், லூதியானா, பிராட்டிஸ்லாவா என்று ஊர் விட்டு ஊர் போனவர்களின் கைகளில் மாறி மாறி வந்த மருந்து இது.

*

1992 வசந்தத்தில் சேரிங் கிராஸில் முதல் நோயாளிகளின் கை நரம்பில் சிஏ2 ஏறியது. எல்லா மருந்தும் கைவிட்டவர்கள் அவர்கள். மொத்தம் இருபது பேர். அன்று மருத்துவர்களின் மனதில் இருந்த பயம் இரண்டு. ஒன்று தொற்று. இன்னொன்று, கட்டியை அழிப்பது என்று பெயர் பெற்றதைத் தடுத்தால் கட்டி வருமோ என்பது.

காலை விறைப்பும் அசதியும் சில நாள்களுக்குள்ளேயே விலகின. வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, நடு மதிப்பில் 18, ஆறாம் வாரத்தில் 5 ஆனது. ஆனால் இருபது பேருக்கும் மருந்து என்று தெரியும், மருத்துவருக்கும் தெரியும். வலியைப் பொறுத்தவரை நம்பிக்கையும் ஒரு மருந்து. எனவே லண்டன், லைடன், வியன்னா, எர்லாங்கன் ஆகிய நான்கு ஊர்களில் 73 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு முறை ஏற்றினார்கள். நான்காம் வாரத்தில் வெற்று மருந்து பெற்ற 24 பேரில் தேறியவர் இரண்டே பேர். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பெற்ற 25 பேரில் 11. பத்து மில்லிகிராம் பெற்ற 24 பேரில் 19. 1994இல் இந்த எண்கள் அச்சேறிய பிறகு, 'மற்றவை இடத்தை நிரப்பிவிடும்' என்ற வாதம் மெல்ல மறைந்தது.

இந்தச் சோதனைகளில் நான் வியப்பது எண்களைவிட ஒரு பழக்கத்தை. ஒவ்வொரு முறையும் நோயாளியின் ரத்தத்தை எடுத்து, கிண்ணத்தில் கண்டதெல்லாம் உடலிலும் நடக்கிறதா என்று இவர்கள் சரிபார்த்தார்கள். நடந்தது. ஊசி ஏறி ஒரே நாளில் ரத்தத்தில் இன்டர்லூக்கின் 6 சரிந்தது. அதன் கட்டளைப்படி கல்லீரல் செய்யும் சி.ஆர்.பி.யும் பின்னாலேயே இறங்கியது. நம் ஊர் ஆய்வுக்கூட ரிப்போர்ட்டில் மூட்டுவலிக்காரர்கள் முதலில் தேடும் அதே சி.ஆர்.பி.தான். பின்னர் ஒரு ஆய்வில், நோயாளியின் வெள்ளையணுக்களை எடுத்துக் கதிரியக்க இண்டியத்தால் குறியிட்டுத் திரும்பச் செலுத்தி, எங்கே போகின்றன என்று படம் பிடித்தார்கள். சிகிச்சைக்கு முன் மூட்டை நோக்கிக் கும்பலாகப் போனவை, சிகிச்சைக்குப் பின் குறைவாகவே போயின. வீக்கம் ஏன் வடிகிறது என்பதற்குக் கண்ணால் பார்த்த பதில்.

குறையும் உடனே தெரிந்தது. மருந்தின் பலன் தீர்ந்ததும் நோய் திரும்பியது, அனைவருக்கும். மதகை அடைக்கலாமே தவிர ஏரியை வற்றவைக்க முடியாது என்று புரிந்தது. திரும்பத் திரும்பக் கொடுத்தால் இன்னொரு சிக்கல்: மருந்தில் இருந்த எலிப் பகுதியை அந்நியமாகக் கருதி உடலே அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்தது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கு இப்படி ஆனது. கூடவே வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் கொடுத்தபோது அது 15 சதவீதமாகக் குறைந்தது. சுப்பாராவின் பழைய மாத்திரை புது மருந்துக்குக் காவலாக வந்து நின்றது. இன்றும் பெரும்பாலோருக்கு இரண்டும் சேர்த்தே தரப்படுகின்றன.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. சிஏ2 இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற பெயரில் 1998இல் குரோன் எனும் குடல் நோய்க்கும் 1999இல் முடக்குவாதத்துக்கும் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. டிஎன்எஃப் ஏற்பியையே வெட்டியெடுத்து ஆன்டிபாடியின் வாலில் ஒட்டித் தூண்டிலாக்கிய எட்டனெர்செப்ட் 1998இல் வந்தது. முழுக்க மனிதப் புரதமான அடலிமுமாப் 2002இன் கடைசி நாளில் வந்தது. அதன் நகலை இந்தியாவின் சைடஸ் நிறுவனம் 2014இல் உலகிலேயே முதலாவதாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபெல்ட்மனுக்கும் மைனிக்கும் 2003இல் லாஸ்கர் விருது. அடலிமுமாப் உலகின் மிக அதிகமாக விற்ற மருந்தாகப் பல ஆண்டு இருந்த கதை பணத்தின் கதை. அதை வேறொருவர் எழுதட்டும்.

*

நமக்கு வேண்டியது மதகை அடைத்ததால் எங்கெங்கே பயிர் வாடியது என்பது.

முதல் எச்சரிக்கை மூட்டுக்கு வெளியே, தீவிர சிகிச்சைப் பிரிவில் வந்தது. செப்சிஸில் டிஎன்எஃப்தான் கொல்கிறது என்றால், அதைத் தடுத்தால் பிழைக்க வேண்டும். எட்டனெர்செப்ட் மருந்தை 141 செப்சிஸ் நோயாளிகளிடம் சோதித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 30 சதவீதம். மிகக் குறைந்த அளவு பெற்றவர்களிலும் 30. நடு அளவில் 48. அதிக அளவில் 53. மருந்து கூடக் கூடச் சாவு கூடியது. ரத்தத்தில் கிருமி இருக்கும்போது இந்தச் சமிக்ஞையை வாயடைக்கச் செய்வது ஆபத்து என்று அந்த எண்கள் சொன்னதை, மூட்டு மருத்துவர்கள் இன்னும் கூர்ந்து கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் பழையது. பிரெனனின் கட்டுரை வந்த அதே 1989இல், ஜெனீவாவில் கிண்ட்லரும் உடன் ஆய்வாளர்களும் 'செல்' இதழில் வேறொரு சோதனையை வெளியிட்டிருந்தார்கள். பிசிஜி கிருமி ஏற்றிய எலிகளின் கல்லீரலில், கிருமியைச் சுற்றிப் பெருவிழுங்கிகள் வட்டமாகக் கூடி ஒரு முடிச்சு கட்டும். கிரானுலோமா என்பார்கள். டிஎன்எஃப்-ஐத் தடுத்தால் அந்த முடிச்சு கட்டப்படவில்லை, கட்டியதும் கலைந்தது, கிருமி பெருகியது. காசநோய்க் கிருமியைக் கொல்ல முடியாத உடல் அதை இப்படித்தான் ஆயுள் முழுவதும் முடிச்சுக்குள் சிறை வைக்கிறது. நம்மில் பலர் இருமலும் காய்ச்சலும் இல்லாமல் அந்தச் சிறையைச் சுமந்துகொண்டுதான் அலைகிறோம். சிறையின் சுவரைத் தாங்குவது டிஎன்எஃப்.

2001இல் ஜோசஃப் கீன் குழுவினரின் கட்டுரை 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தபோது சுவர் இடிந்த கணக்கு தெரிந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய். அவர்களில் 48 பேருக்கு மூன்று அல்லது அதற்கும் குறைவான முறை ஏற்றியதிலேயே வந்துவிட்டது. வழக்கமாகக் காசநோய் நுரையீரல் நோய். இங்கே 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே. முடிச்சு அவிழ்ந்தால் கிருமி ஓர் இடத்தில் நிற்காது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இத்தனைக்கும் இவர்களில் மிகப் பெரும்பாலோர் காசநோய் அரிதாக உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கைக் கொண்ட நம் நாட்டில் இதே மருந்து முதலில் பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

அதன்பிறகு நடைமுறை மாறியது. மருந்து தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரே, மான்டூ ஊசி அல்லது இன்டர்ஃபெரான் காமா ரத்தப் பரிசோதனை. ஒளிந்திருக்கும் கிருமி தெரிந்தால் முதலில் அதற்கு மாத்திரை. ஸ்பெயினில் இந்த விதிகள் வந்த பிறகு இம்மருந்துகளால் வரும் காசநோய் 78 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டுப் பதிவேடு காட்டியது. சென்னையிலோ மதுரையிலோ மூட்டு மருத்துவர் ஊசி எழுதுமுன் "நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க, வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?" என்று கேட்பது இதனால்தான். மூட்டுவலிக்கு வந்தவரிடம் நெஞ்சைப் பற்றி எதற்குக் கேள்வி என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. முடக்குவாதத்தைக் காசநோயின் உறவு என்று நினைத்து ஃபொரெஸ்தியே தங்க ஊசி போட்டதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. உறவு இருந்தது, அவர் நினைத்த இடத்தில் இல்லை.

இன்னும் இரண்டு முடிச்சுகள் விழுந்தன. மூளை, தண்டுவட நரம்புகளின் உறை கழலும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் நோயிலும் டிஎன்எஃப் நிறைய இருக்கிறது. அங்கேயும் தடுத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளியான சோதனையில் நோய் முற்றியது. மூட்டில் எரிக்கும் அதே புரதம் நரம்பு மண்டலத்தில் பழுது பார்க்கிறது போலும். டிஎன்எஃப்-க்கு ஏற்பிகள் இரண்டு வகை. ஒன்று அழற்சிக்கும் சாவுக்கும் அதிகம் உழைக்க, மற்றது திசுவைப் பிழைக்கவைக்கவும் உழைக்கிறது என்பது இதையொட்டி வலுப்பெற்ற புரிதல். இரண்டையும் ஒருசேரப் பட்டினி போடுகின்றன நம் மருந்துகள்.

மற்றது குடலில். இன்ஃப்ளிக்ஸிமாப் குரோன் நோயை அடக்குகிறது; எட்டனெர்செப்ட் அடக்கவில்லை. இரண்டுமே டிஎன்எஃப்-ஐப் பிடிப்பவைதான், இரண்டுமே மூட்டில் பலிப்பவைதான். மிதக்கும் டிஎன்எஃப்-ஐ மட்டும் கணக்கில் வைத்தால் இதை விளக்க முடியாது. வெட்டுப்படாமல் செல்லின் மேலேயே நிற்கும் டிஎன்எஃப்-ஐ ஆன்டிபாடிகள் இறுகப் பற்றுகின்றன. பற்றும்போது அந்த டிஎன்எஃப் தானே ஓர் ஏற்பி போல நடந்து, தன்னைச் சுமக்கும் செல்லுக்குள் எதிர்த்திசையில் ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது, சில செல்கள் மடிகின்றன என்பது ஒரு விளக்கம். காசநோயும் எட்டனெர்செப்ட் பெறுபவர்களைவிட ஆன்டிபாடி பெறுபவர்களிடம்தான் அதிகம் வருகிறது. கடிதமாக மட்டும் நினைத்த ஒன்று கடிதப் பெட்டியாகவும் இருந்தது என்பதை எந்தக் கிண்ணமும் முன்னால் சொல்லவில்லை. இரண்டு மருந்துகளின் வேறுபாடுதான் சொன்னது.

*

இனி லண்டன் குழுவுக்கே சங்கடமான கணக்கு. டிஎன்எஃப் தடுப்பு மருந்து பெறும் முடக்குவாத நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் போதிய பலன் இல்லை. மருந்து உடலில் இருக்கிறது, டிஎன்எஃப் அடைபட்டிருக்கிறது, மூட்டு வீங்கியே இருக்கிறது. அவர்களுடைய மூட்டில் தலைமதகு வேறு எங்கோ.

ஜப்பானின் ஒசாகாவில் கிஷிமோட்டோ பல ஆண்டுகளாக இன்டர்லூக்கின் 6-ஐ மட்டுமே துரத்திக்கொண்டிருந்தார். டிஎன்எஃப்-க்குக் கீழே வரும் சாதாரண வாய்க்கால் என்று லண்டன் வரைபடம் காட்டிய அதே இன்டர்லூக்கின் 6. அதன் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் 2008இல் ஜப்பானில் முடக்குவாதத்துக்கு வந்தது. டிஎன்எஃப் தடுப்பு பலிக்காதவர்கள் பலரிடம் பலித்தது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் பெதஸ்தாவில் ஜான் ஓ'ஷே செல்லின் உட்புறத்தில் ஜேக் என்ற நொதிக் குடும்பத்தைத் துருவிக்கொண்டிருந்தார். இன்டர்லூக்கின் 6 உள்பட ஏராளமான சைட்டோகைன்களின் ஏற்பிகள் ஜேக் வழியாகத்தான் உட்கருவுக்குச் செய்தி அனுப்புகின்றன. டிஎன்எஃப் ஏற்பி அந்த வழியில் போவதில்லை. அப்படியென்றால் ஜேக்கைத் தடுக்கும் ஒரு மாத்திரை முடக்குவாதத்தில் அரைகுறையாகத்தான் பலிக்க வேண்டும். 2012இல் டோஃபாசிட்டினிப் மாத்திரையையும் அடலிமுமாப் ஊசியையும் ஒரே சோதனையில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன.

தலைமதகைத் தொடாத மாத்திரை எப்படி அதே அளவு வேலை செய்தது, பிறகு அதன் உறையின் மேல் மாரடைப்பு எச்சரிக்கை ஏன் வந்தது என்பது அடுத்த இதழில்.